ஒளிராத திரை கற்பிப்பது

கடையில் வாங்கிய மடிக்கணினியில் திரை ஒளிர்வது யாருக்கும் வியப்பளிப்பதில்லை. தாய்ப்பலகை, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு என்று பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தி, லினக்ஸ் கெர்னலையும் மூலநிரலிலிருந்து தாமே கம்பைல் செய்து நிறுவும் ஆய்வு மாணவருக்கோ, அந்த ஒளி உழைத்துப் பெற வேண்டிய ஒன்று. அவ்வுழைப்பு வீணன்று. தம் ஆய்வு எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் முதன்முதலாகப் பார்ப்பது அப்போதுதான்.

திரைக்குப் பின்னால் மூன்று அடுக்குகள் உள்ளன. கெர்னலுக்குள் இருந்து கார்டோடு நேரடியாக உறவாடும் டிரைவர் முதலாவது. கார்டினுள் இருக்கும் சிறு செயலிகளில் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் இரண்டாவது. ஓபன்ஜிஎல், வல்கன் கட்டளைகளைக் கார்டு ஏற்கும் வடிவுக்கு மாற்றும் மெசா போன்ற நூலகம் மூன்றாவது. இவற்றுள் ஒன்று பிசகினாலும் திரை இருளும். அல்லது படம் ஆமையாய் நகரும்.

ஏஎம்டி கார்டுகளைச் சான்றாகக் கொள்ளலாம். அவற்றுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015 முதல் கெர்னலின் மூலநிரலிலேயே இருக்கிறது. ஆயினும் முதன்முறை முயல்பவர் இடறும் இடம் ஒன்றுண்டு. டிரைவரைத் தனி மாட்யூலாக வைக்காமல் கெர்னலோடு இணைத்தே கம்பைல் செய்துவிட்டால், வட்டிலுள்ள கோப்புகள் கைக்கெட்டும் முன்பே அது விழித்துக்கொண்டு தனக்குரிய ஃபர்ம்வேரைத் தேடும். கிடைக்காது, திரை கறுக்கும். ஃபர்ம்வேரைக் கெர்னலுக்குள்ளேயோ, தொடக்கத்தில் நினைவகத்தில் விரியும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ சேர்த்தால் சிக்கல் தீரும். டிரைவரை மாட்யூலாக மாற்றி, வட்டு ஏற்றப்பட்ட பின் அழைத்தாலும் தீரும். காரணம் அறிந்தவருக்கு இது சிறு வேலை. அறியாதவர் கார்டே பழுதென்று எண்ணிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வார்.

திரை இருண்டாலும் கணினி பெரும்பாலும் விழித்தே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தால் அந்த நடை மிஞ்சும். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து டிமெஸ்க் கட்டளையைத் தந்தால், எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் கெர்னல் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கும். அந்தப் பதிவை வரிவரியாகப் படிப்பது, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வதற்கு நிகரான பொறுமையைக் கேட்கும். ஊகத்தின்பேரில் பத்து மாற்றங்களை ஒருசேரச் செய்பவருக்குத் திரை ஒளிர்ந்தாலும், எது ஒளிரச் செய்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து, அடுத்ததற்குச் செல்பவருக்குத் தெரியும்.

என்விடியா கார்டுகளின் வரலாறு வேறு. அந்நிறுவனத்தின் டிரைவர் நெடுங்காலம் மூடிய நிரலாகவே இருந்தது. கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே நூவோ என்னும் திறந்த டிரைவரை வெளியிலிருந்த நிரலாளர்கள் எழுதினார்கள்; 2010இல் வெளிவந்த 2.6.33 கெர்னலில் அது இடம்பெற்றது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிறுவனத்தின் ஒத்துழையாமையை மேடையிலேயே கடுஞ்சொல்லால் கண்டித்தார். பின்னர் வந்த கார்டுகள் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்றன. அவற்றை முழு வேகத்தில் இயக்க நூவோவால் பல ஆண்டுகள் இயலவில்லை. 2022 மே மாதம், புதிய கார்டுகளுக்கான கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை நிறுவனம் வெளியிட்டது. ஃபர்ம்வேரும், கூடா கணிப்புக்குத் தேவையான மேலடுக்கும் அப்போதும் மூடியே இருந்தன.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு இது வெறும் கொள்கை வழக்கன்று. ஒரு திட்ட நிதியில் வாங்கிய கார்டு அடுத்த நிதி வரும்வரை உழைத்தாக வேண்டும். 2012இல் அறிமுகமான கெப்ளர் வகைக் கார்டுகளுக்கான ஆதரவு 470 வரிசை டிரைவரோடு நின்றுபோனது. கெர்னலின் உள் இடைமுகங்களோ மாறிக்கொண்டே இருப்பவை. கைவிடப்பட்ட டிரைவர் புதிய கெர்னலோடு இணங்க மறுக்கும் நாள் வந்தே தீரும். அன்று கூடாவை நம்பிய ஆய்வகம் பழைய கெர்னலிலேயே தங்கிப் பாதுகாப்புத் திருத்தங்களை இழக்க வேண்டும். இல்லையேல் நன்றாக இயங்கும் கார்டைக் கழிக்க வேண்டும். கெர்னலுக்குள் இருக்கும் திறந்த டிரைவருக்கு இந்நெருக்கடி எளிதில் வருவதில்லை. அங்கே இடைமுகத்தை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் திருத்தித் தர வேண்டும் என்பது லினக்ஸ் மரபு.

ஏஎம்டியின் ஃபர்ம்வேரும் மூலநிரல் இல்லாத கோப்பே என்பதை மறைக்க வேண்டியதில்லை. முற்றும் திறந்த கணினி இன்று அரிது. ஆகவே ஆய்வாளர் அறிய வேண்டியது ஓர் எல்லையை: தம் கருவியில் எதுவரை படித்துச் சரிபார்க்க முடியும், எங்கிருந்து நம்பிக்கைதான் துணை என்பதை. வேதியியல் ஆய்வேடு தான் பயன்படுத்திய பொருளின் தூய்மையைக் குறிப்பிடாமல் நகராது. கணினிவழி ஆய்வேடுகள் பலவற்றில் கார்டின் பெயரோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. கெர்னல், டிரைவர், நூலகம் ஆகியவற்றின் பதிப்பு எண்கள் விடுபடுகின்றன. பதிப்பு மாறினால் தசமக் கணக்கின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். நரம்பு வலைப் பயிற்சியில் அச்சிறு வேறுபாடு பெருகி வேறொரு முடிவுக்கே இட்டுச் செல்லக்கூடும்.

அந்தப் பதிப்பு எண்களைப் பின்னிணைப்பில் சேர்க்க அரைப்பக்கம் போதும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வைத் தொடர வரும் மாணவருக்கு, முந்தையவரின் முடிவுரையைவிட அந்த அரைப்பக்கம் கூடுதலாக உதவக்கூடும்.