சகலகலா வல்லவன்: ஒரு பாட்டு மட்டும் போதுமா?

டிசம்பர் 31 நள்ளிரவு கீழப்பழுவூர் கடைவீதியில் ஸ்பீக்கர் கட்டினால் முதலில் எது ஒலிக்கும்? 'இளமை இதோ இதோ'தான், வேறென்ன! 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' படப் பாட்டு. மேல்நாட்டில் சிந்தசைசர் பாப் கோலோச்சிய நேரம் அது. இங்கே இளையராஜா தன் பங்குக்கு அமர்க்களப்படுத்திவிட்டார்.

ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை இதை மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு. அதே இசைத்தட்டில் 'அம்மன் கோயில் கிழக்காலே' இருக்கிறது. பாடியவர் அதே எஸ்.பி.பி. அங்கே அவர் கிராமத்து வேலு. இங்கேயும் அதே வேலுதான், ஆனால் தங்கைக்கு நடந்த அநியாயத்துக்குக் கணக்குத் தீர்க்க ஃபாரின் ரிட்டர்ன் வேஷம் போட்டிருக்கிறான். கமலுக்காவது வேஷம் மாற்ற கோட்டு, பைக் எல்லாம் கொடுத்தார்கள். எஸ்.பி.பி.க்குக் குரல் ஒன்றுதான்!

முதலில் அம்மன் கோயில், பிறகு புத்தாண்டு என்று வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்பவன் நம்மூர்க்காரன் என்பது அப்போதுதான் உறைக்கும். ஊர்க்கோடி வரை இந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2020-ல் எஸ்.பி.பி. மறைந்துவிட்டார். ஜனவரி 1 இன்னமும் அவர் குரலில்தான் பிறக்கிறது. அடுத்த முறை மீதிப் பாட்டுகளையும் ஓடவிடலாமே?