தொட்டறியும் உரிமை

நூதனசாலை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன கண்ணாடிப் பேழைகளும் 'தொடாதீர்கள்' என்னும் அறிவித்தலுமே. காண்பதற்கு மட்டுமே உரியதாயிருந்த அவ்விடத்தைச் சிறுவர்க்கு உரியதாக்கும் முயற்சி 1899 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் திறக்கப்பட்டதே உலகின் முதற் சிறுவர் நூதனசாலை என்பர். 1913 இல் பொஸ்ரன் நகரில் எழுந்ததோ விஞ்ஞான ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஆக்கியது. 1962 இல் அதன் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பொக், பேழைகளை விலக்கி, அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி அவற்றின் உட்புறத்தைச் சிறுவர் ஆராய வழிசெய்தார். அயல்நாடாகிய இந்தியாவில், 1960 களில் விக்கிரம் சாராபாய் அகமதாபாத்தில் நிறுவிய சமுதாய விஞ்ஞான நிலையமும் செய்து கற்றல் என்னும் இக்கொள்கையையே மேற்கொண்டது.

இவற்றைப் படித்தபோது என் நினைவு பரந்தனை நோக்கியே சென்றது. ஏனெனில், எங்கள் தலைமுறை முதலிற் கற்ற பாடம் 'தொடாதே' என்பதாகும். 2009 இல் போர் முடிந்து, முகாமிலிருந்து ஊர் மீண்ட எமக்கு, அகர வரிசையோடு மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகையும் அறிமுகமாயிற்று. மண்ணில் மினுங்கும் எதனையும் எடுக்கலாகாது, தடியாற் கிளறலாகாது, பெரியோரிடம் கூறவேண்டும் என மிதிவெடிப் படங்களைக் காட்டிக் கற்பித்தனர். அப்பாடம் உயிர் காத்தது. அதனைக் குறைகூறுதல் நன்றியன்று. ஆயினும், வினாக்கள் அரும்பும் பருவத்திற் கையைக் கட்டிக்கொள்ளப் பழகிய பிள்ளை, பின்னர் ஆய்வுகூடத்திலும் கையைக் கட்டிக்கொண்டே நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

என் அம்மப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்னைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய ஆலை அது. போர்க்காலத்தில் மூடுண்டு சிதைந்தது. ஒருநாள் அவர் முற்றத்திலிருந்து, உப்புநீர்க் கோப்பையொன்றில் இரண்டு பென்சிற் கரிகளை அமிழ்த்தி, சிறிய பற்றறியோடு தொடுத்தார். குமிழிகள் எழுந்தன. "கிணத்துக்கு மருந்து போட்ட அண்டைக்கு மணக்கிற மணமெல்லே?" என்று தம்பியிடம் கேட்டார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, எவரும் சொல்லாமலே கம்பிகளை மாற்றித் தொடுத்தான். மணம் மற்றக் கரிக்கு மாறிற்று. "அம்மப்பா, நான்தான் மாத்தினனான்" என்று அவன் கூவியபோது, ஒரு நூதனசாலையின் பயன் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருந்ததாகவே எனக்குத் தோன்றிற்று.

ஆனையிறவில் இன்று வழிப்போக்கர் நின்று பார்ப்பது 1991 ஆம் ஆண்டுச் சமரிற் பயன்பட்ட கவச வாகனத்தை. அப்பெருவெளியில் உப்பு விளைந்த வரலாற்றையும் அவ்வுப்பு ஆலையிற் பெற்ற மாற்றத்தையும் பிள்ளைகள் எங்கே கண்டறிவர்? துலா நெம்புகோலைக் கற்பிக்கும். களிமண்ணாற் குளமொன்று கட்டித் துருசைத் திறந்தால், இரணைமடு நீர் வயலுக்கு வரும் வகை விளங்கும். உப்புநீரை வெயிலில் வைத்தால் ஆவியாதல் புலப்படும். இவற்றை விளக்க வல்லோர் எம்மூர் உழவரும் முன்னாள் ஆலைத் தொழிலாளருமே. அவருட் பலர் முதுமையெய்திவிட்டனர். அவர்கள் மறையுமுன் தொடங்கினாலன்றி இம்முயற்சி கைகூடாது.

வறுமை நீங்காத ஊருக்கு இஃது ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். உப்பும் பென்சிற் கரியும் ஆடம்பரமல்ல. பாடசாலையில் வெறுமையாய்க் கிடக்கும் ஓர் அறையே தொடக்கத்திற்குப் போதும். வெளியே எதனைத் தொடலாகாது எனக் கற்பித்தல் எவ்வளவு கடமையோ, அவ்வளவு கடமை, 'இங்குள்ள யாவற்றையும் தொடலாம். நாங்கள் பார்த்து வைத்திருக்கிறோம்' என ஊரார் உறுதி கூறும் ஓரிடத்தை ஆக்கித் தருதலும். அவ்வுறுதியை வேற்றூரார் எவரும் எமக்காகத் தர இயலாது.