குறுக்கெழுத்துக்காரர்களின் கிண்டல்

1913 டிசம்பர் 21இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டதே முதல் குறுக்கெழுத்துப் புதிர். நேரடிக் குறிப்புகளோடு பிறந்த அந்த விளையாட்டைச் சொற்சிலம்பமாக்கியது பிரிட்டன். தமிழில் அந்தச் சிலம்பம் இன்னும் அழகு. ஒரு கட்டத்தில் முழு உயிர்மெய்யே அமர்வதால், உடைத்த துண்டுகளும் வாயில் நிற்கும் ஒலிகளாகவே இருக்கின்றன.

‘கம்பன் தலையோடு விதை சேர்ந்தால் பாட்டு (3)’ என்றொரு குறிப்பு. கம்பனின் முதலெழுத்து ‘க’, அதனுடன் ‘விதை’, விடை, கவிதை. புதிரின் கீழே கருத்து எழுதும் இடத்தில், கண்டுபிடித்தவர் அதைப் போட்டு உடைக்கமாட்டார்; மற்றவர்களின் சுகம் கெடுமே! ‘விளைச்சல் அமோகம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ‘உரம் போட்டது யாருங்க?’ என்பார் அடுத்தவர். ‘தை வந்தால்தானே அறுவடை முடியும்’ என்று இன்னொருவர் கடைசி எழுத்தையே காட்டிவிடுவார். கிண்டலும் துப்பும் அங்கே ஒன்றுதான்.

‘சமுத்திரத்தைக் கொறிக்கலாம் (3)’ என்றால் கடலை. இது சிலேடை, பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகப் புலவரின் கலை. அதைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் இந்தப் புதிர்ப் பிரியர்கள். புதிதாக வருகிறவர்களே, விடை தெரியாவிட்டாலும் இந்தப் பிரியர்களின் பேச்சைப் படியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.