வன்தட்டுகளுக்குள் சண்டை வந்தால்

சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிறவனுக்கு வன்தட்டோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் படித்து இடையில் விட்டு வந்தவன் நான். பட்டம் வரவில்லை, கணனியைக் கழற்றிப் பூட்டுகிற பழக்கம் மட்டும் ஜேர்மனி வரைக்கும் கூட வந்துவிட்டது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுத்தியது. கனபேர் புதுக் கணனி வாங்கினார்கள். ரெஸ்ரோரன்ட் வேலை முடியிற நேரத்துக்கு எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. "தம்பி, பழைய டிஸ்க் இரண்டையும் கொழுவினனான். ஒண்டுதான் தெரியுது, மற்றதைக் காணேல்லை."

இவர்கள் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பாவித்தவர்கள். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி அது. பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே குளமாக்கலாம். மிரர் முறை என்றால் ஒரே கோப்பு இரண்டு தட்டிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கும்.

பிரச்சினை அடையாளத்தில்தான். ஒவ்வொரு தட்டுக்கும் தனி இலக்கம் உண்டு. மலிவான யூ.எஸ்.பி. பெட்டிகள் சில அதை மறைத்து, இரண்டு தட்டுக்கும் ஒரே இலக்கத்தைக் காட்டும். விண்டோஸ் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்து ஒன்றை விட்டுவிடும். அகதி முகாமில் ஒரே பெயருள்ள இரண்டு பேரின் கடிதம் மாறிப்போகிற மாதிரித்தான். பவர்ஷெல்லில் கெட்-பிசிக்கல்டிஸ்க் கட்டளையைக் கொடுத்து, யூனிக்-ஐடியையும் காட்டச் சொன்னால் சண்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

வேறு சில பெட்டிகளில் தட்டு வெறுமையாகத் தெரியும். 'இனிஷியலைஸ்' செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து ஓம் சொல்லாதேங்கோ! உள்ளே இருப்பது அழிந்துபோகவில்லை, கணனிக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெட்டியைக் கழற்றி, தட்டுகளைக் கணனியின் சாட்டா வாயிலில் நேரடியாகக் கொழுவுங்கள். பெரும்பாலும் குளம் தானாக எழும்பும். வாசிக்க மட்டும் விட்டால் இன்னும் நல்லது. முதலில் எல்லாவற்றையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுங்கள். திருத்துவது அதற்குப் பிறகு.

குளம் இருக்குத்தானே, பிரதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10இன் 2004 பதிப்பு, பரிட்டி வகைக் குளங்கள் சிலவற்றைக் குழப்பியது. செக்-டிஸ்க் ஓட்டவேண்டாம், வாசிக்க மட்டும் என்று மாற்றி வையுங்கள் என்று மைக்ரோசொவ்ற்றே சொல்லவேண்டி வந்தது. மிரரும் அப்படித்தான். நீங்கள் ஒரு படத்தை அழித்தால் இரண்டு தட்டிலும் சேர்ந்தே அழியும்.

எனக்குத் தொலைபேசி எடுத்த ஒரு அண்ணையின் தட்டில் இருந்தது அவருடைய அம்மாவின் படங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுபோன படங்களை இங்கே ஸ்கான் செய்து வைத்திருந்தார். மூலப்படங்கள் பிறகு வன்னியில் போய்விட்டன. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அண்ணையின் படங்கள் கிடைத்துவிட்டன. இப்போது ஒரு பிரதி அவரிடம், இன்னொன்று கனடாவில் தங்கச்சியிடம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இருந்தால், இந்தக் கிழமையே ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கோ.