உச்சியும் கசிவும்

வலையில் சிக்கிய பேத்தை மீனைக் கழற்றி எறிவது யாழ்ப்பாணத் தீவகத்து மீனவருக்கு யோசிக்காமலே செய்யும் வேலை. எனக்கு அந்த மீனின் நஞ்சு, டெற்றோடோடொக்சின், மேசையில் இருக்கும் கருவி. நரம்புகளின் சோடியம் கால்வாய்களை அடைத்து மூச்சை நிறுத்தும் அதே நஞ்சு, புற்றுநோய்க் கலத்தில் சோடியம் கால்வாய் வேலை செய்கிறதா என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முஸ்தபா ஜம்கோஸின் குழு 1995இல் இதைக் கண்டது. எலியின் புரஸ்டேற் புற்றுநோயில் இரண்டு வகைக் கலங்கள். வேகமாகப் பரவும் வகையில் மட்டும் சோடியம் மின்னோட்டம் இருந்தது. நஞ்சை இட்டதும் அவற்றின் ஊடுருவல் குறைந்தது. 2005இல் மார்புப் புற்றுநோயிலும் இதயத்துக்குரிய என்ஏவி 1.5 கால்வாய், அதுவும் சிசுப்பருவ வடிவத்தில், தலைகாட்டியது.

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர் அகல நுனி செய்வதில் எங்கள் வேலை தொடங்கும். அதைக் கலமென்சவ்வில் தொட்டு மெல்ல உறிஞ்ச, தடை கிகா ஓமுக்கு ஏறும். இன்னும் கொஞ்சம் உறிஞ்சிச் சவ்வை உடைத்தால் முழுக்கலத்தின் மின்னோட்டமும் திரையில் தெரியும். நரம்புக் கலங்களில் பழகிய கண் உச்சியைத்தான் தேடும்: ஓரிரு மில்லிசெக்கனில் கீழே பாய்ந்து மறையும் கோடு.

புற்றுநோய்க் கலமோ நரம்பைப் போலத் துடிப்பதில்லை. அதன் ஓய்வு மின்னழுத்தத்தில் பெரும்பாலான கால்வாய்கள் முடங்கியே கிடக்கும். உச்சி மறைந்த பிறகும் மூடாமல் எஞ்சும் சிறு கசிவுதான் அங்கே காரியம் செய்கிறது. புயலில் கடல்நீர் வயலுக்குள் பாய்ந்தால் எல்லோரும் காண்பர். அளவுக்கு மிஞ்சி இறைக்கும் தீவகத்துக் கிணற்றில் அடியிலிருந்து ஏறும் உப்பை, வாயில் வைத்த பிறகே அறிவர்.

உள்ளே கசியும் சோடியத்தோடு ஐதரசன் அயன்களின் வெளியேற்றமும் கூடுகிறது. கலத்தைச் சுற்றி அமிலம் சேர, கதெப்சின் நொதியங்கள் சுற்றியுள்ள இழையவலையைக் கரைத்து வழி திறக்கின்றன. ஒட்சிசன் குறைந்தால் கசிவு கூடும். கட்டியின் நடுவிலோ ஒட்சிசன் பெரும்பாலும் குறைவு. ஆகவே கால்வாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. கலம் வாழும் மின்னழுத்தத்திலும் ஒட்சிசன் அளவிலும் வைத்துத்தான் அளக்கவேண்டும். நஞ்சின் அளவும் முக்கியம்: நரம்பு வகைக் கால்வாய்கள் நனோமோலர் அளவுக்கே அடங்கிவிடும், இதய வகைக்கு மைக்ரோமோலர் வேண்டும். குறைந்த அளவை இட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுவது எளிது.

இதய வகைக் கால்வாயை அடைக்கும் அளவில் இந்த நஞ்சை நோயாளிக்கு ஏற்ற முடியாது. ஆனால் சோடியம் கால்வாயை அடைக்கும் இன்னொரு மருந்து எல்லாச் சத்திரசிகிச்சைக்கூடத்திலும் இருக்கிறது: விறைப்பூசியான லிக்னோகெயின். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு, இந்தியாவில் 11 நிலையங்களில், சத்திரசிகிச்சைக்குச் சில நிமிடம் முன்பாக மார்புக் கட்டியைச் சுற்றி அதை ஏற்றிப் பார்த்தது. 2023இல் வெளிவந்த முடிவின்படி, ஊசி ஏற்றாதவர்களில் 86.4 வீதத்தினரும் ஏற்றியவர்களில் 90.1 வீதத்தினரும் ஐந்தாண்டின் பின் உயிரோடிருந்தனர். கால்வாய் அடைபட்டதால்தான் இது நேர்ந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. லிக்னோகெயின் வேறு பலதையும் செய்யும். என் மேசையில் கண்டதோடு அது பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நேரே சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடிய ஆரம்பநிலை நோயாளிகள். நெடுந்தீவிலிருந்து வரும் ஒருவர் படகில் குறிகட்டுவான், பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை என்று போய்ச்சேர வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். மலிவான ஊசியென்றாலும் அது சோதிக்கப்பட்டது நேரத்தோடு வந்தவர்களில்தான். அதனால் ஊரில் என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கும் அக்காமாரிடம் கால்வாய்க் கதையைச் சுருக்கிவிடுவேன். "கட்டியொண்டு கையில தட்டுப்பட்டா, நோகேல்லையெண்டு இருக்காதேங்கோ. அடுத்த படகில ஏறுங்கோ" என்பேன்.