புழுதி

பாலைவனத்தில் கார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னுடைய ஒரு பலவீனம். இலக்கியம் பேசுகிற நண்பர்களிடம் இதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால், சிகரெட் கம்பனிகளும் எண்ணெய்க் கம்பனிகளும் காசு போட்டு, ஆபிரிக்க ஏழையின் வாசலில் வெள்ளைக்காரன் புழுதி கிளப்புகிற விளையாட்டு அது என்பார்கள். அதில் பிழையில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

பழக்கம் பிடித்தது 1996 ஜனவரியில். லாச்சப்பலுக்குப் பின்பக்கம் ஒரு ஆறாம் மாடி அறை. நாங்கள் ஐந்து பேர். யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வந்து, கம்பி ஒன்றை வளைத்து அன்ரனாவாகச் செருகியிருந்தோம். அதற்கு முந்திய மாதம் பிரான்சில் வேலைநிறுத்தம், மெற்றோ ஓடவில்லை. கோப்பை கழுவப் போகிற ரெஸ்ரோறன்ருக்கு ஒன்றரை மணித்தியாலம் நடந்து போய், நடந்து வந்தேன். நடக்கிறபோது சலிப்பு வந்தால் உடனே வெட்கமும் வரும். ஏனென்றால் 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் முழுவதும் நடந்திருந்தது. அம்மாவும் தங்கச்சியும் அந்த மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியிருப்பார்கள் என்று ஊகித்ததைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கடிதம் இல்லை. செய்தியில் ஏதாவது சொல்வார்களா என்று பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தோம். எங்கள் ஊர் வரவில்லை. பாலைவனம் வந்தது.

அந்த வருஷம் ஓட்டம் ஸ்பெயினின் கிரனடாவில் தொடங்கி டாக்காரில் முடிந்தது. இதைத் தொடக்கியவர் தியறி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர். 1977இல் வேறொரு ஓட்டத்தில் மோட்டச்சைக்கிளோடு லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, தப்பி வந்தவர். தப்பி வந்த மனிதன் இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான் என்றுதான் நாங்கள் நினைப்போம். இவரோ 1978 டிசம்பர் 26இல் பரிஸ் ட்றொக்கடேறோவிலிருந்து ஒரு கூட்டத்தையே அங்கே கூட்டிக்கொண்டு போனார். 1986இல் அதே ஓட்டத்தின்போது மாலியில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்தார். பாடகர் டானியல் பலவுவானும் அதில் போனார்.

பார்க்கப் பார்க்க அதன் முறைகள் பிடிபட்டன. றோட்டு இல்லை. சாரதியிடம் இருப்பது வழிப்புத்தகம் ஒன்று. மோட்டச்சைக்கிள்காரருக்கு அப்போது அது ஒரு காகிதச் சுருள். ஹாண்டிலில் பூட்டிய பெட்டிக்குள் அதை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. இத்தனை கிலோமீற்றரில் ஒரு மரம், இத்தனையாவதில் ஒரு கிணறு, இந்தப் பாகையில் திரும்பு. ஆபத்து என்றால் ஆச்சரியக்குறி. மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தால் பெரிய பள்ளம், உயிர் போகலாம். நான் வந்த வழிக்கும் ஏஜென்சிக்காரன் ஒரு துண்டில் இப்படித்தான் ஏதோ எழுதித் தந்தான். ஆச்சரியக்குறிகளை மட்டும் விட்டுவிட்டான்.

இந்த ஓட்டத்தை நேரில் பார்ப்பதில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். மணலில் காத்து நின்றால் ஒரு இரைச்சல், ஒரு புழுதி, முடிந்தது. படமாகப் பார்க்கும்போதுதான் அது மனிதனைப் பிடிக்கிறது. மேலே ஹெலிகொப்டரில் கமரா. கீழே மணல்மேட்டில் எறும்பு மாதிரி ஒரு வாகனம், அதற்குப் பின்னால் நீளமான புழுதிவால். மேட்டுக்கு அப்பால் செங்குத்தாக இறங்குகிறதா, ஏற்கெனவே ஒருவன் கவிழ்ந்து கிடக்கிறானா என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் கத்துவோம். பிறகு கமரா அவனுடைய தோளுக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது எங்களுக்கும் தெரியாது.

ஒரு சிக்கல் இருந்தது. எங்களில் ஒரு பெடியன் அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தான். ஹெலியின் சத்தம் கேட்டதும் கண் கூரைக்குப் போய்விடும், கை பாயை இறுக்கும். "அண்ணை, சத்தத்தைக் குறையுங்கோ" என்பான். குறைத்தோம். கடைசியில் முழுவதும் நிற்பாட்டிவிட்டுத்தான் பார்த்தோம். அங்கே ஹெலி வருவது தொலைந்தவனைத் தேட. அதைப் பெடியனுக்கு விளக்கிச் சொன்னேன். "விளங்குது அண்ணை" என்றான். அவனுக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை.

அதே ஓட்டத்தில் மொரோக்கோவின் தெற்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் லொறி கண்ணிவெடியில் அகப்பட்டு அவர் இறந்தார். மேற்குச் சகாராப் போரில் புதைத்துவிட்டுப் போனவை அந்தப் பக்கம் எங்கும் கிடக்கின்றன. அன்றைக்கு அறையில் யாரும் கத்தவில்லை. மூலையில் படுத்திருந்தவர் மட்டும், "எங்கடை சாமான் அங்கையும் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

1997இல் ஓட்டம் டாக்காரிலேயே தொடங்கி டாக்காரிலேயே முடிந்தது. அப்போது எங்கள் அறைக்குப் புதிதாக ஒரு அண்ணை வந்திருந்தார். பளைப் பக்கத்து ஆள். ஏஜென்சி டாக்காரில் இறக்கிவிட்டு மறந்துபோனதால் பதினொரு மாதம் அங்கே கிடந்தவர். முந்திய ஜனவரியில், நாங்கள் இங்கே பெட்டியில் பார்த்த அதே முடிவை, அவர் லாக் றோஸ் என்ற இளஞ்சிவப்பு ஏரிக்கரையில் நேரே நின்று பார்த்திருக்கிறார். நான் ஆவலோடு தூண்டித் தூண்டிக் கேட்டேன். அவர் கார்களைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஏரிக்குள் இறங்கி உப்பு அள்ளுகிற சனத்தைப் பற்றிக் கதைத்தார். உப்பு தோலை அரிக்காமல் இருக்க உடம்பு முழுக்க ஒரு மரக்கொட்டை நெய்யைப் பூசிக்கொள்வார்களாம். ஆனையிறவு உப்பளத்தில் வேலைசெய்த தன்னுடைய தகப்பனுக்கு இது தெரிந்திருந்தால் கால் புண்ணாகியிராது என்று மிகவும் கவலைப்பட்டார். கார்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்: "அவங்கள் இங்கையிருந்து அங்கை போக ரெண்டு கிழமை. நான் அங்கையிருந்து இங்கை வரப் பதினொரு மாதம். கப்பை அவங்களுக்குக் குடுத்திட்டாங்கள்."

பிறகு அந்த ஓட்டமும் இடம்பெயர்ந்துவிட்டது. 2007 கடைசியில் மொரித்தானியாவில் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் கொல்லப்பட்டதை அடுத்து, 2008 ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2009 முதல் தென்னமெரிக்கா, 2020 முதல் சவூதி அரேபியா. டாக்கார் என்ற பெயரை மட்டும் விடவில்லை. எங்களுடைய ஊர்ச்சங்கங்கள் மாதிரி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறொரு படம். மகனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது 'டஸ்ற் ரு குளோறி' என்ற படத்தை எங்கிருந்தோ கொண்டுவந்தான். டேனா பிறவுண் எடுத்து 2005இல் வெளிவந்தது. மெக்சிக்கோவின் பாகா தீபகற்பத்தில் 1967இலிருந்து நடக்கிற ஓட்டம். 2003இல் நடந்ததை ஐம்பதுக்கு மேற்பட்ட கமராக்களை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். இதில் இரவு தங்கல் கிடையாது, ஒரே ஓட்டம். றோட்டை மூடுவதும் கிடையாது. ஊர்க்காரனின் மாடும் பிக்கப்பும் எதிரே வரும். மௌஸ் மக்கோய் என்ற ஒருவர், மற்றவர்கள் ஆள்மாற்றி ஓடுகிற தூரத்தைத் தனியே மோட்டச்சைக்கிளில் ஓடுகிறார். இருட்டிவிட்ட பிறகு, முடிவிடம் கிட்டும்போது விழுகிறார். எழும்பி, வளைந்துபோன உடம்போடு மறுபடி ஏறி ஓடி முடிக்கிறார். மகன் கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

என்னைப் பிடித்தது அவரல்ல. அந்த ஓட்டத்தில் பழைய பீட்டில் கார்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எஞ்சினைப் பெரிதாக மாற்ற விடமாட்டார்கள். எண்ணூறு குதிரைவலு லொறிகள் பறக்கிற அதே கல்லிலும் மணலிலும் அந்த ஆமைகளும் குலுங்கிக் குலுங்கிப் போகின்றன. அதைப் பார்த்ததும் எனக்குச் சின்னமாமாவின் ஏ-போட்டி நினைவுக்கு வந்தது.

1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கரும்புகை அள்ளிக்கொண்டு வரும். 1993இல் என்னைக் கிளாலிக்கு ஏற்றிப்போனது அந்த ஏ-போட்டிதான். பின்னால் அம்மா அழுதபடி. கொடிகாமம் தாண்டியதும், ஹெலிக்குத் தெரியக்கூடாதென்று மாமா லைற்றை அணைத்தார். நிலவுமில்லை. அவர் தலையை வெளியே நீட்டி, றோட்டு ஓரத்து வெள்ளை மணலை மட்டும் பார்த்து ஓட்டினார். பள்ளங்கள் வயிற்றுக்குள் விழுந்தன. ஒரு இடத்தில் கார் சரிந்து, இரண்டு சில்லில் நின்று, திரும்பி விழுந்தது. மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. கிளாலியைப் பற்றி எழுதியபோதெல்லாம் பயத்தைத்தான் எழுதினேன். பயம் பொய்யல்ல, அந்த வருஷத் தொடக்கத்தில்தான் அந்தக் கடலில் சனத்தைச் சுட்டிருந்தார்கள். ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா அழ அழ, அந்த இருட்டில் அந்தக் கார் ஓடியது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சத்தூரம் ஓடட்டும் என்றிருந்தது. அம்மா நான் சிரித்ததைக் கேட்டிருப்பா. ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது அவ இல்லை.

"அப்பா, ஏன் நிற்பாட்டினீங்கள்?" என்று மகன் கேட்டான். நான் எப்போது படத்தை நிற்பாட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கு மாமாவின் காரைப் பற்றிச் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அவன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் படத்தைத் திரும்பப் போட்டான்.

அந்த ஏ-போட்டி 1995இல் வளவிலேயே விடப்பட்டது. திரும்பிப் போனபோது கூடு மட்டும் நின்றதாம். உள்ளே கோழி முட்டையிட்டிருந்ததாம். போன ஊர்ப்பயணத்தில் படத்தை மாமாவுக்கு என் கைபேசியில் போட்டுக் காட்டினேன். கண் மங்கிவிட்டது, மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். லொறிகளைக் கவனிக்கவில்லை. பீட்டில் வந்ததும் நிமிர்ந்தார்.

"இதுக்கு என்ன எண்ணெய் விடுறாங்கள்?"

"பெற்றோல்தான் மாமா."

"ம்," என்று கைபேசியைத் திருப்பித் தந்தார்.