வாட்டம் அறிந்த கைகள்

நிலக்கோட்டையில் நின்றால் கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். இரண்டிலும் தார்ச்சாலை வருமுன் ஆளும் குதிரையும் ஏறிய பாதைகள் உண்டு. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் மாட்டுவண்டி பிடித்து, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை போய், அங்கிருந்து நடந்தும் குதிரையேறியும் டோலியிலுமாகக் கொடைக்கானல் சேர்ந்தார்கள். சிறுமலை வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கின. மோட்டார் போகும் மலைச்சாலைகள் வந்ததும் பழைய தடங்களைக் கவனிக்க ஆளில்லை. இன்று அவற்றை மலைச் சைக்கிளுக்கும் நடைக்குமாக மீட்கலாம் என்ற ஆசை பல இளைஞர்களிடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1988இல் தொடங்கிய பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் இதற்கென்று ஒரு தொழில்முறையையே வகுத்துத் தந்திருக்கிறது; சைக்கிள் ஓட்டுபவர்களே மண்வெட்டி எடுப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நம் மலைகளிலும் அது நடக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் அந்த வேலையை முன்னின்று நடத்த வேண்டியவர்கள் சைக்கிள்காரர்கள் அல்லர், அடிவாரத்து வயல்வேலைக்காரர்கள் என்பதே என் கட்சி.

காரணம் வேலையிலேயே இருக்கிறது. பாழான பாதையைப் பார்த்ததும் புதியவர் அரிவாளைத் தூக்குகிறார். உண்ணிச்செடியை வெட்டிவிட்டால் பாதை பிறந்துவிடும் என்று நினைக்கிறார். முள் பாதையை மறைக்கத்தான் செய்கிறது, கொல்வது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையிலிருந்து இறங்கும் நீர் தடத்துக்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் அதன் நீளத்துக்கே ஓடினால், சில பருவங்களில் செம்மண் கரைந்து சரளையும் வேரும் மட்டும் மிஞ்சும். பிறகு அது ஓடைதான். அதனால் பாதை வேலையின் உயிர் வாட்டத்தில் இருக்கிறது. பள்ளத்துப் பக்கம் தடம் இலேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், நீர் குறுக்கே வழிந்து போய்விடும். மலைச்சரிவு நூற்றுக்கு நாற்பது என்றால் பாதையின் ஏற்றம் இருபதைத் தாண்டக் கூடாது, முழுப் பாதையின் சராசரி பத்துக்குள் நிற்பது நல்லது என்கிறது அந்தச் சங்கத்தின் கணக்கு. ஏறிக்கொண்டே போகும் பாதையைச் சில எட்டுகளுக்கு ஒருமுறை இறங்கவிட்டு ஏற்றினால், அந்தத் தாழ்வில் நீர் வெளியேறிவிடும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவருக்கு மட்டக்கருவி வேண்டும். வைகைப் பக்கத்து வயலில் மடை திருப்பியவருக்கும், மல்லிகைத் தோட்டத்துக்கு வாய்க்கால் இழுத்தவருக்கும், நூறு நாள் வேலையில் கரையும் குறுக்கு வரப்பும் போட்டவருக்கும் காலடியிலேயே வாட்டம் தெரியும். எந்த மண்ணை மிதித்து இறுக்கலாம், எந்தக் கல்லைப் பாதி புதைத்தால் அசையாது என்பது அவர்கள் கையில் இருக்கும் படிப்பு.

அப்படியானால் இது தொண்டு எப்படி ஆகும், கூலி வேலைதானே என்று கேட்கலாம். கேட்பது நியாயம். குடிமராமத்து என்ற பெயரில் நம் ஊர்கள் கண்மாயும் வாய்க்காலும் தூர்வாரியது, அந்தத் தண்ணீரை அனுபவித்தவர்களின் உழைப்பால். வெள்ளையர் அரசு 1858இல் அதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. பயன் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு என்றால் அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கக் கூடாது. பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுபவரின் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு தொண்டு. அவருக்கு வேலை கற்றுத்தரும் விவசாயத் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை அவரது சோறு. ஆகவே கற்றுத்தருபவருக்குக் கொத்தனாருக்குரிய கூலி தரவேண்டும், மண் சுமப்பதைத் தொண்டர்கள் செய்யட்டும். வசதியானவர்களின் விளையாட்டுக்கு இவ்வளவா என்பாரும் உண்டு. கொடைக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவிக்கு நெடுங்காலம் அரிசி மூட்டை போனதே குதிரைத்தடத்தில்தான். நல்ல வாட்டமுள்ள பாதை குதிரைக் குளம்புக்கும் கர்ப்பிணியைத் தூக்கிவரும் டோலிக்கும் முதலில் உதவும், சைக்கிள் சக்கரத்துக்கு அதன் பிறகு.

இவற்றைவிடக் கனமான மறுப்பு காட்டைப் பற்றியது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024இல் நாற்பது வழித்தடங்களுடன் முறைப்படியான திட்டமும் தொடங்கியது. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். காட்டெருமை நடமாடும் இடத்தில் சக்கரம் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. வனத்துறை கூடாது என்ற தடம் கூடாதுதான். ஆனால் மூடுவதும் ஒரு வேலை. கைவிட்டதாலேயே பாதை ஆறிவிடாது, ஓடையாகி மலையைத் தின்னும். குறுக்கே கல்வரப்பு போட்டு, மண்ணைக் கொத்திவிட்டு, வெட்டிய முள்ளைப் பரப்பி வைத்தால்தான் புல் பிடிக்கும். திறக்கும் பாதைக்கும் மூடும் பாதைக்கும் வேண்டியது ஒரே கைத்திறன். அனுமதி கிடைத்த முதல் ஆண்டில், அடிவாரத்துத் தடங்களில் மூடவேண்டியவற்றை முதலில் மூடுவதென்று தொடங்கலாம். கோடை மழையில் மண் இளகியிருக்கும்போது ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் முடித்துவிட முடியும், ஐப்பசி மழை வந்து வேலையைச் சோதித்துக் காட்டும்.